பழைய பெர்ல் மாட்யூல் ஒன்றைத் தூசி தட்டியது: எனி-மூஸிலிருந்து மூவுக்கு

ஒரு கலைக்கல்லூரி நூலகத்தில் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் ஓடுகிறது. அதற்குத் துணையாக 2011-இல் பெர்ல் நிரல்மொழியில் யாரோ எழுதிவைத்த மாட்யூல் ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. கோஹாவிலிருந்து எடுத்த மார்க் (நூல் விவரங்களைப் பதியும் வடிவம்) கோப்பைப் படித்து, ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு ஆப்ஜெக்டாக்கி, முதுகு லேபிளுக்கு வேண்டிய மூன்று வரிகளைத் தருவது அதன் வேலை: டியூயி எண் (பொருள்வாரி வகைப்பாட்டு எண்), ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்து, ஆண்டு. கூடவே ஐஎஸ்பிஎன் சரியா என்று பார்க்கும், அகரவரிசையில் பட்டியல் போடும். நான்கு கிளாஸ், அவை பகிர்ந்துகொள்ளும் மெத்தட்களுக்கு ஒரு ரோல், அவ்வளவுதான். சர்வரை டெபியன் லினக்ஸ் 12-க்கு மாற்றியதும் இது படுத்துவிட்டது. எழுப்பிவிடும் வேலை என்னிடம் வந்தது.

படுத்ததற்கு உடனடிக் காரணங்கள் இரண்டு. பழைய சர்வரின் லிப் அடைவை அப்படியே புதியதில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதற்குள் மவுஸ் என்ற பெர்ல் மாட்யூல் இருந்தது. மவுஸில் ஒரு பகுதி சி மொழியில் எழுதி கம்பைல் செய்யப்படுவது. பழைய பெர்லுக்காகக் கம்பைல் ஆன அந்தக் கோப்பை பெர்ல் 5.36 ஏற்க மறுத்தது. அடுத்தது, ஸ்கிரிப்ட் தன் அமைப்புக் கோப்பை வெறும் பெயர் சொல்லி 'ரிக்வயர்' செய்திருந்தது. 2017-இல் வந்த பெர்ல் 5.26 முதல், மாட்யூல் தேடும் பாதையில் நடப்பு அடைவு கிடையாது, பாதுகாப்புக்காக எடுத்துவிட்டார்கள். 'ரிக்வயர்' என்பதால் கோப்பைக் காணோம் என்று சொல்லி நின்றது, நல்லதாயிற்று. அதே இடத்தில் 'டூ' இருந்திருந்தால் ஒரு எச்சரிக்கையை மட்டும் போட்டுவிட்டு, காலி அமைப்புகளோடு ஓடி, ஏதோ ஒரு பட்டியலைத் துப்பியிருக்கும். கோப்புப் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்ததும் இது தீர்ந்தது.

மவுஸ் கதை அவ்வளவு சுலபமில்லை. கோடில் எங்கே தேடினாலும் மவுஸ் என்ற பெயர் இல்லை. கிளாஸ்கள் எல்லாம் எனி-மூஸைத்தான் கேட்டிருந்தன. பெர்லில் ஆப்ஜெக்ட் எழுதுவதை ஒழுங்குபடுத்த 2006-இல் மூஸ் வந்தது. வசதி நிறைய, ஆனால் ஏறுவதற்கே நேரம் எடுக்கும். அதன் இளைத்த வடிவம் மவுஸ். இரண்டில் எதை எடுப்பது என்று முடிவுசெய்யத் தயங்கியவர்களுக்கு எனி-மூஸ்: நிரலுக்குள் ஏற்கெனவே மூஸ் ஏறியிருந்தால் மூஸ், இல்லையென்றால் மவுஸ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே கிளாஸ், யார் முதலில் எதை ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்து வேறு வேறு அடித்தளத்தில் நிற்கும். பிழை தேடும்போது இதைவிட எரிச்சலான ஏற்பாடு வேறில்லை. பிற்பாடு மாட் டிரவுட் தொடங்கிய 'மூ' இந்தச் சண்டையையே தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. இப்போது எனி-மூஸை ஏற்றினால், இது கைவிடப்பட்டது, மூவைப் பயன்படுத்துங்கள் என்று அதுவே எச்சரிக்கிறது.

ஆக, மூவுக்கு மாற வேண்டும் என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கோடில் கை வைக்கும் முன் ஆவணத்தை எடுத்துக்கொண்டேன். பொதுவாக எல்லோரும் டிபென்டன்சியை (நம் கோடு சார்ந்திருக்கும் மற்ற மாட்யூல்களை) மாற்றிவிட்டு, டெஸ்ட் ஓடியதும் கடைசியில் ஒரு மாலைப்பொழுது ஆவணத்தைத் தட்டிக்கொட்டி முடிப்பார்கள். எனக்கு அந்த வரிசையில் நம்பிக்கை இல்லை. ஒரு மாட்யூல் வெளியே என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பது ஆவணத்தில்தான் இருக்கும். அந்த வாக்கைக் காப்பாற்ற எது வேண்டுமோ அதுதான் டிபென்டன்சி, மீதியெல்லாம் வெட்டலாம். அதனால் பாடில் (பெர்லின் ஆவண வடிவம்) எழுதியிருந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் படிப்பது, அது உண்மையா என்று ஓட்டிப் பார்ப்பது, பிறகு அந்த வாக்கியத்துக்காகச் சேர்க்கப்பட்ட மாட்யூலைத் தேடுவது என்று போனேன். (டெபியனில் பெர்ல்டாக் கட்டளையைத் தட்டினால், பெர்ல்-டாக் பேக்கேஜை முதலில் நிறுவு என்று சொல்லும். ஆவணம் படிக்கும் கருவியையே தனியாகப் பிரித்து வைத்திருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.)

பாடின் தொடக்கத்தில் பயன்பாட்டு உதாரணம் ஒன்று இருந்தது: கோப்பைத் திற, பதிவை எடு, தலைப்பை அச்சிடு. எழுத்து மாறாமல் எடுத்து ஓட்டினேன். ஒரு தமிழ்ப் புத்தகத்தின் தலைப்பு வந்தது, கூடவே 'வைட் கேரக்டர் இன் பிரின்ட்' என்ற எச்சரிக்கையும் வந்தது. பெர்லில் தமிழோடு வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் பழக்கமான வரி இது. மார்க் பதிவின் தலைப்பகுதி 24 எழுத்து நீளம். எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், ஒன்பதாம் இடத்தில் சிற்றெழுத்து 'ஏ' இருந்தால் பதிவு யூனிகோடில் இருக்கிறது என்று பொருள்; காலியாக இருந்தால் மார்க்-8 என்ற பழைய குறியாக்கம். யூனிகோட் பதிவாக இருந்தால் மார்க்-ரெக்கார்ட் மாட்யூல் பைட்டுகளைப் பிரித்து எழுத்துகளாகவே தந்துவிடும். வெளியே அனுப்பும் குழாய்க்கு யுடிஎஃப்-8 என்று சொல்ல வேண்டியது நாம்தான். ஆவணமோ 'வெளியீடு எல்லாம் யுடிஎஃப்-8' என்று ஒரே வரியில் முடித்திருந்தது. கிளாஸ் தருவது எழுத்துகள், அதை யுடிஎஃப்-8 ஆக்குவது அழைப்பவரின் பொறுப்பு என்று திருத்தி எழுதினேன். உதாரணத்திலும் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன்.

இந்த எச்சரிக்கையால் டிபென்டன்சி பட்டியலிலும் ஒரு எண் மாறியது. மூவின் 1.x வெர்ஷன்களில் 'யூஸ் மூ' என்று எழுதினாலே அந்தக் கோப்பில் வரும் எச்சரிக்கைகள் எல்லாம் உயிர்போகும் பிழைகளாகிவிடும். லேபிள் கிளாஸின் அச்சிடும் மெத்தட் அப்படி ஒரு கோப்பில்தான் இருக்கிறது. பழைய மூ அகப்பட்டால், ஆங்கிலப் புத்தகங்களாக வரும்வரை ஒழுங்காக ஓடிவிட்டு முதல் தமிழ்ப் புத்தகத்தில் நிரல் செத்துவிடும். மூ 2-இல் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். அதனால் வேண்டிய மாட்யூல்களைப் பட்டியலிடும் சிபான்ஃபைலில் வெறுமனே 'மூ வேண்டும்' என்று எழுதாமல் 'குறைந்தது 2.000000' என்று எழுதி, ஏன் என்று பக்கத்திலேயே ஒரு கமென்டும் போட்டேன். காரணம் எழுதாத குறைந்தபட்ச வெர்ஷனை அடுத்து வருபவர் சந்தேகத்தோடு பார்ப்பார், ஆனால் தொடப் பயப்படுவார்.

அடுத்த வாக்குறுதி, ஆசிரியர் பெயரின் 'முதல் மூன்று எழுத்து'. தமிழ் இலக்கியத்துக்கு டியூயியில் 894.811. அதன் கீழே ஆசிரியர் குறி வர வேண்டும். 'சுந்தரம்' என்ற பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். வந்தது 'சுந'. நிரல் சப்ஸ்டிரிங் எடுத்து யூனிகோடின் மூன்று குறியீட்டுப் புள்ளிகளை (கோட் பாயின்ட்) வெட்டியிருந்தது: ச, உகரக் குறி, ந. 'ந்'தின் புள்ளியும் அடுத்த எழுத்தும் அறுந்துபோயிருந்தன. ஆங்கிலப் பெயர்களுக்கு இது சரியாகவே வரும் என்பதால் டெஸ்ட்கள் எல்லாம் பச்சை.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. ஆவணம் ஒன்று சொல்கிறது, கோடு வேறொன்று செய்கிறது. பல வருடமாக இதே வெளியீட்டை லேபிளாக அடித்து ஒட்டியிருந்தால், கோடைத் திருத்துவது அலமாரியில் பாதிப் புத்தகங்களை வேறு குறியோடு விட்டுவிடும். அப்படியானால் கோடை விட்டுவிட்டு ஆவணத்தைத்தான் மாற்ற வேண்டும். நூலகரிடமே கேட்டேன்.

"மேடம், தமிழ்ப் புத்தகத்துக்கு லேபிள் இதுல இருந்துதானே அடிக்கிறீங்க?"

"இங்கிலீஷுக்கு மட்டும்தான் தம்பி. தமிழுக்குக் குறி அரைகுறையா வரும், அதனால அந்த வரியை விட்டுட்டுப் பேனாவால எழுதிடுவோம்."

"பேனாவால எழுதும்போது எப்படி எழுதுவீங்க, சுந்தரம்னா?"

"சுந்த. வேற எப்படி?"

முடிவு அவரே சொல்லிவிட்டார். ஒட்டியிருக்கும் லேபிள்கள் ஆவணத்தின்படியே இருக்கின்றன, கோடுதான் வழிமாறியிருக்கிறது. பெர்லின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் குறியீட்டில்) பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் போட்டால், கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் முழுத் தொகுப்பும் கிடைக்கும். மூன்று முறை எடுத்தால் 'சு', 'ந்', 'த'. இதற்குப் புதிய மாட்யூல் எதுவும் வேண்டாம். 'க்ஷ' மட்டும் இரண்டாக எண்ணப்படும். அதை ஆவணத்தில் எழுதிவிட்டு அப்படியே விட்டேன்.

அகரவரிசைக்கும் இதே போன்ற கதை. யூனிகோட் அட்டவணையில் தமிழ் மெய்கள் நம் வரிசையில் இல்லை. 'ந'வுக்கு அடுத்து 'ன' உட்கார்ந்திருக்கும், 'ர'வுக்கு அடுத்து 'ற', 'வ'வுக்கு முன்னாலேயே 'ள'வும் 'ழ'வும். பெர்லின் வரிசைப்படுத்தும் கட்டளையான 'சார்ட்'டை வெறுமனே போட்டால் பட்டியல் அந்த வரிசையில்தான் வரும். முன்பு எழுதியவர் இதைக் கவனித்து, எழுத்துக்கு ஒரு எண் என்று கையால் ஒரு பெரிய ஹாஷ் கட்டியிருந்தார். பொறுமைசாலி. ஆனால் அதில் கிரந்த எழுத்துகள் பாதி விட்டுப்போயிருந்தன. யூனிகோட்-கொலேட்-லோகேல் பெர்ல் 5.14 முதல் பெர்லோடு சேர்ந்தே வருகிறது. அதில் தமிழுக்கான விதிகளும் இருக்கின்றன, 'க்' என்பது 'க'வுக்கு முன் வருவது உட்பட. ஹாஷ் முழுக்க வெளியே போனது.

இப்படியே போனதில் பட்டியல் நன்றாக இளைத்தது. லேபிளில் இந்த வருடத்தைப் போடுவதற்காக மட்டும் டேட்டைம் உள்ளே இருந்தது. அதன் பின்னால் வரும் கூட்டம் பெரிது. டைம்-பீஸ் பெர்லிலேயே உண்டு. மீள்வருகையை நீக்க லிஸ்ட்-மோர்யூட்டில்ஸ் இருந்தது. இப்போது லிஸ்ட்-யூட்டிலிலேயே 'யூனிக்' இருக்கிறது. கோடை அலசி என்னென்ன மாட்யூல் தேவை என்று பட்டியலிடும் பெர்ல்-ப்ரீரெக்-ஸ்கேனரையும் ஒருமுறை ஓட்டி, என் பட்டியலோடு ஒத்துப்பார்த்தேன். டெஸ்டுக்கு மட்டும் வேண்டியவற்றைச் சிபான்ஃபைலில் டெஸ்ட் பிரிவுக்குள் தள்ளினேன். நூலக சர்வரில் அவை எதற்கு?

மூவுக்கு மாற்றும் வேலையில் பெரும்பகுதி இயந்திரத்தனமானது. ஆப்ஜெக்டின் ஒரு மதிப்பு (அட்ரிபியூட்) எந்த வகை என்று சொல்லும் 'ஐஸா'வில் 'ஸ்ட்ரிங்' என்று பெயரை எழுதினால் மூ ஏற்காது, ஒரு சப்ரூட்டீன் கேட்கும். இதற்காக வகைச் சோதனைகளைத் தரும் டைப்-டைனியைச் சேர்க்கலாம், நல்ல மாட்யூல்தான். ஆனால் இங்கே தேவைப்பட்டவை இரண்டே சோதனைகள்: காலியில்லாத சரமா, மார்க்-ரெக்கார்ட் ஆப்ஜெக்டா. சின்னதாக இரண்டு சப்ரூட்டீன் எழுதி ரோலில் வைத்தேன். கோப்பின் கடைசியில் வரும் 'மேக் இம்யூட்டபிள்' வரியை மூ சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும், ஒன்றும் செய்யாது. இருந்தாலும் எடுத்துவிட்டேன். அந்த வரியில் மெட்டா என்று ஒன்றைப் பார்த்தால் அடுத்தவர் அதை நம்பி வேறு ஏதாவது கேட்பார், அங்கே மூஸ் முழுசாக வந்து ஏறும்.

கேட்கும்போதுதான் மதிப்பைக் கட்டும் 'லேஸி பில்ட்' மூவில் கிடையாது. மூஸில் இதை ஓர் அட்ரிபியூட்டுக்குப் போட்டால், மதிப்பைக் கட்டும் மெத்தட்டோடு, அழிக்கும் 'கிளியர்' மெத்தட், இருக்கிறதா என்று கேட்கும் 'ஹேஸ்' மெத்தட் இரண்டும் இலவசமாக வரும். மூவில் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். ஆவணத்தில் இந்த மெத்தட்கள் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஸ்கிரிப்ட்களைத் தேடினால், டியூயி எண்ணை அழிக்கும் ஒன்றை மட்டும் ஓரிடத்தில் அழைத்திருந்தார்கள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு பாடில் எழுதினேன். மீதியை விட்டுவிட்டேன், மாற்றக் குறிப்பில் பெயர் சொல்லி.

உண்மையில் கவனம் கேட்டது டிரிகர், அதாவது மதிப்பு வைக்கப்படும்போது தானாக ஓடும் சப்ரூட்டீன். டியூயி எண் மாறும்போது 'பழையது இது, புதியது இது' என்று லாகில் ஒரு வரி எழுத டிரிகர் வைத்திருந்தார்கள். மூஸ் அந்த டிரிகருக்குப் புதிய மதிப்பையும் பழைய மதிப்பையும் தரும். மூ புதியதை மட்டும்தான் தரும். எர்ரர் வராது, டெஸ்ட் உடையாது. லாகில் 'பழையது' என்ற இடம் மட்டும் காலியாக இருக்கும். இந்த லாகைத்தான் வருடக் கடைசியில் இருப்பு சரிபார்க்கும்போது திறப்பார்கள், அதுவரை யாருக்கும் தெரிந்திருக்காது. மூவின் ஆவணத்தில் டிரிகர் பகுதியில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். முதலில் அதைப் படித்துவிட்டதால் தப்பியது. டிரிகரை எடுத்துவிட்டு, அதே அட்ரிபியூட்டைச் சுற்றி ஒரு 'அரவுண்ட்' போட்டேன்: உள்ளே போகும் முன் பழைய மதிப்பை எடுத்து வைத்துக்கொள், பிறகு மாற்று, பிறகு எழுது. லாக் வரியையே ஒப்பிட்டுப் பார்க்கும் டெஸ்ட் ஒன்றும் சேர்ந்தது.

ஐஎஸ்பிஎன் விஷயத்தையும் நூலகரே தொடங்கினார். "978-93-ல வர்ற புக் நிறையவற்றைத் தப்புன்னு காட்டுது தம்பி. நம்பர் அட்டையிலேயே அச்சா இருக்கு." இந்தியாவுக்கு 81, 93 என்று இரண்டு குழு எண்கள். பிசினஸ்-ஐஎஸ்பிஎன் மாட்யூல் சரிபார்ப்பு இலக்கத்தோடு நிற்பதில்லை. குழு எண், பதிப்பாளர் எல்லை இரண்டையும் பார்க்கும். அந்த எல்லைகளின் அட்டவணை தனி மாட்யூலாக, தேதியையே வெர்ஷனாகக் கொண்டு வருகிறது. பழைய லிப் அடைவில் இருந்த அட்டவணை, பிற்பாடு ஒதுக்கப்பட்ட பதிப்பாளர் எல்லைகளை அறியாது. கோடு சரி, தரவு கிழடு.

புதிய சர்வரில் மூ, மார்க்-ரெக்கார்ட், பிசினஸ்-ஐஎஸ்பிஎன் எல்லாவற்றையும் டெபியனின் நிறுவும் கருவியான ஏப்ட் வழியாகவே நிறுவினேன். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வரும், கல்லூரியில் யாரும் சிபான் (பெர்ல் மாட்யூல் களஞ்சியம்) பக்கம் போக வேண்டியதில்லை. ஆனால் டெபியன் ஒரு வெளியீட்டுக்குள் வெர்ஷனை நகர்த்தாது. ஐஎஸ்பிஎன் அட்டவணையும் அங்கேயே உறைந்து நிற்கும். சில வருடத்தில் இதே புகார் திரும்ப வரும். இதற்கு அந்த மாட்யூலிலேயே வழி இருக்கிறது. சர்வதேச ஐஎஸ்பிஎன் அமைப்பு வெளியிடும் எல்லைக் கோப்பை இறக்கிவைத்து, அது இருக்கும் இடத்தை ஒரு சூழல் மாறியில் சொன்னால் போதும், உள்ளிருக்கும் அட்டவணைக்குப் பதில் அதைப் படித்துக்கொள்ளும். மாட்யூல் ஏறும்போதே அதைப் பார்த்துவிடும் என்பதால் மாறியை ஸ்கிரிப்டுக்கு வெளியே, அதை நேரம் வைத்து ஓட்டும் கிரானிலேயே வைத்தேன். கூடவே நடத்தையும் மாறியது: சரிபார்ப்பு இலக்கம் தவறினால் பிழை, எல்லை தெரியவில்லை என்றால் வெறும் குறிப்பு. தட்டச்சில் வரும் தவறும் அட்டவணை பழசாவதும் வேறு வேறு விஷயங்கள், இரண்டையும் ஒரே சிவப்பில் காட்டியதால்தான் பட்டியலில் அந்த நெடுவரிசையை யாரும் பார்ப்பதையே விட்டிருந்தார்கள்.

கடைசியாக ஆவணத்துக்கான டெஸ்ட்கள். பாட்-செக்கர் முதல் ஓட்டத்திலேயே குறை சொன்னது: தமிழ் எழுத்து வருகிறது, ஆனால் கோப்பில் என்கோடிங் வரி இல்லை. சேர்த்தேன். எல்லா மெத்தட்டுக்கும் ஆவணம் உண்டா என்று பாட்-கவரேஜால் பார்த்தேன். 'ஹேஸ்', 'வித்', 'எக்ஸ்டென்ட்ஸ்' போன்ற மூவின் சொற்கள் கிளாஸில் மெத்தட்களைப் போலவே தங்கியிருந்தன. நேம்ஸ்பேஸ்-க்ளீன் போட்டதும் அவை கிளாஸிலிருந்து மறைந்தன. ஆப்ஜெக்டின் மேல் தவறி 'வித்' என்று யாரும் அழைத்துவிடாமல் இருக்கத்தான் அது. ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் 'பில்ட்' மெத்தட்டை மட்டும் பாட்-கவரேஜின் விலக்குப் பட்டியலில் வைத்தேன். உதாரணக் கோடு கம்பைல் ஆகிறதா என்று பார்க்க டெஸ்ட்-சினாப்சிஸ் இருக்கிறது, ஆனால் அது ஓட்டிப் பார்க்காது. வைட் கேரக்டர் எச்சரிக்கை அதன் கண்ணில் படாது. அதனால் சில பதிவுகள் கொண்ட சின்ன மார்க் கோப்பை டெஸ்ட் அடைவில் வைத்து, உதாரணத்தை முழுக்க ஓட்டி, எச்சரிக்கை ஒன்று வந்தாலும் தோல்வி என்று எழுதினேன்.

நூலகத்தில் இருப்பவர்களுக்கான பகுதியைத் தமிழிலேயே எழுதினேன். டெர்மினலில் கொம்பும் காலும் இடம்மாறித் தெரியும் என்பதால் பாட்2எச்டிஎம்எல் வழியாக ஒரு பக்கமாக்கி, மேடத்தின் பிரவுசரில் புக்மார்க் செய்தாயிற்று.

வெர்ஷன் 0.9-இல் இருந்தது. அடுத்தது 0.10 என்று போட்டால் பெர்லுக்கு அது 0.1, அதாவது பின்னோக்கிப் போனது. நேராக 1.00 என்று வைத்தேன்.

பெர்ல் 5.38-இலிருந்து மொழிக்குள்ளேயே 'கிளாஸ்' என்ற சொல் வந்திருக்கிறதே, அதற்கே போயிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். டெபியன் 12-இல் 5.36தான், அதனால் இப்போதைக்குப் பேச்சே இல்லை. தவிர, அது இன்னும் சோதனை நிலையிலேயே இருக்கிறது. ரோல் எழுதவும் அதில் இடமில்லை. எங்களிடம் இருக்கும் ஒரே ரோலில்தான் அந்த இரண்டு சோதனைகளும் இருக்கின்றன.